தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே

எங்கள் கம்பெனிக்குள் நுழைய அடையாள அட்டை கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. நெற்றி சுத்தமாக இருந்தால் போதும். உள் அறையின் வாசலில் பூமா மாமி ஈர டிஷ்யூவோடு நிற்பார். விபூதி, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, முகப் பவுடர், எதுவானாலும் அங்கேயே துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தால் அதை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். சாயங்காலம் வாடிய பூ மறுபடியும் நம்முடையது.

மாமி ஸ்ரீரங்கத்துக்காரர். எல்லாரையும் துடைக்கச் சொல்வதற்கு முன்னால் தன் நெற்றியில் இருக்கும் ஸ்ரீசூர்ணக் கோட்டைத் துடைத்துக்கொள்வார். காலையில் குளித்துப் பெருமாளைச் சேவித்து இட்டுக்கொண்ட கோடு, ஒரே இழுப்பில் போய்விடும். பிறகு அவரிடம் யார் என்ன வாதாடுவது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே முயன்று தோற்றிருக்கிறேன். மெஷின் ஓட்டும் சிவசங்கர் அண்ணன் அந்த அறைக்கு 'மடி ரூம்' என்று பேர் வைத்திருந்தார். அது மாமி காதுக்கும் போயிற்று.

"எங்காத்து மடிக்கு பயந்துண்டுதான் வேலைக்கே வந்தேன். இங்க வந்து நானே எல்லாருக்கும் மடி சொல்லிண்டிருக்கேன். பெருமாளுக்கு என்னைப் பார்த்தா விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த நெற்றியைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் ஷெட் திருவெறும்பூர் தாண்டி இருக்கிறது. அக்கம்பக்கத்து ஷெட்டுகளில் ஆள் நுழையும் அகலத்துக்குக் குழாய்களை வெல்டு செய்வார்கள். ஒரு குழாய்க்கு ஒரு டிரெய்லர் வரும். நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்வதைச் சோப்பு டப்பாவில் போட்டு எடுத்துப் போகலாம். நாங்கள் செய்வது ஷாஃப்ட். ஊதுபத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், சுண்டுவிரலில் ஒரு கணு நீளம். இதற்கா ஒரு கம்பெனி என்று என் வீட்டுக்காரர் ஜோஸ் முதல் நாள் கேட்டார்.

இதற்குத்தான் கம்பெனி. சாதாரண மோட்டாரில் ஷாஃப்ட் சுற்றுவதற்கு இரும்பு உருண்டைகள் வைத்த பேரிங் இருக்கும். எங்கள் மோட்டாரில் உருண்டை இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்தான் இருக்கிறது. ஷாஃப்ட்டின் மேல் வரிசையாகச் சாய்ந்த கோடுகள் வெட்டியிருக்கும். வெறும் கண்ணுக்கு அது ஒரு மங்கல்போலத்தான் தெரியும். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் அந்தக் கோடுகள் எண்ணெயை நடுவுக்கு இழுத்துக் குவிக்கும். குவிந்த எண்ணெய் ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஷாஃப்ட் தன்னைச் சுற்றியிருக்கும் குழலைத் தொடுவதே இல்லை. தொடாததால் தேயாது, சத்தமும் வராது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, தலைமுடியை நீளவாக்கில் பத்தாகக் கிழித்தால் அதில் ஒரு கிழிசல் போகும் அளவு. அதற்குள் தூசி போனால் கதை முடிந்தது. மாமி டிஷ்யூவோடு நிற்பது அதனால்தான்.

அந்தக் கோடுகளை சிவசங்கர் அண்ணன் 'மீன்முள்' என்பார். பார்க்க அப்படித்தான் இருக்கும். மாமிக்கு மட்டும் முகம் சுளிக்கும்.

"கார்த்தால வேளையில மீனு முள்ளுன்னு என்ன பேச்சு? நாமம்னு சொல்லுங்கோளேன். அழகா இருக்கும்."

"நாம நாமம் போட்டா கஸ்டமர் ஓடிடுவாங்க மாமி" என்பார் அவர். தினம் ஒரு தடவையாவது இது நடக்கும்.

என் வேலை கடைசி வேலை. கழுவிக் காயவைத்த ஷாஃப்ட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கோடுகள் சரியாக இருந்தால் எண்ணெய் விட்டுக் குழலுக்குள் இறக்கி, மோட்டாரில் சேர்க்கவேண்டும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று வீட்டிலேயே இருந்தவள் நான். படித்தது மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கை மறக்கவில்லை. அந்தக் குச்சியைச் சாமணத்தில் பிடித்துக் குழலின் வாயில் வைத்தால், அது தன் எடையிலேயே மெதுவாக, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. என் மகள் லின்சி பள்ளிக்கூடத்தில் "எங்கம்மாவுக்கு மைக்ரோஸ்கோப்புல வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். அவளுடைய டீச்சர் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று முதலாளி பெனடிக்ட் சார் சொல்லியிருந்தார். அந்த ஆறாவது மாதம் பிப்ரவரியோடு முடிய இருந்தது. பெனடிக்ட் சார் எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் வருவார். அதனால் கோயில் சிபாரிசில் உள்ளே வந்தவள் என்று ஒரு பேச்சு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்து, மற்றவர்களை ஒரு வார்த்தை திட்டினால் என்னை இரண்டு வார்த்தை திட்டுவார் சார். எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து நான் கெட்டிக்காரியாக இருக்கிற ஓர் இடம் கிடைத்திருந்தது, அதை விட்டுவிட்டு மறுபடி வீட்டில் போய் உட்கார எனக்கு மனசில்லை.

சாம்பல் புதன் அந்த மாதம்தான் வந்தது.

தவக்காலம் தொடங்கும் நாள் அது. போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை ஃபாதர் விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார். அதைத் துடைக்கமாட்டோம், தானாகப் போகிறவரை இருக்கும். எங்கள் ஃபாதருக்குக் கட்டைவிரலும் பெரிது, மனசும் தாராளம். காலைப் பூசை முடிந்து வெளியே வந்து, அங்கே நின்ற யாரோ ஒருவரின் பைக் கண்ணாடியில் பார்த்தால், நெற்றி பாதிக்குச் சிலுவை. பாலக்கரையில் பஸ் ஏறியதிலிருந்து திருவெறும்பூர் வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. மாமி துடைக்கச் சொல்வார். சொன்னால் துடைக்கத்தான் வேண்டும். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், வேலை முக்கியம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

மாமி டிஷ்யூவை நீட்டியவர், என் நெற்றியைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"சாம்பல் புதன் மாமி. இன்னையிலேருந்து எங்களுக்குத் தவக்காலம்."

"இதைத் துடைக்கப்படாதோ?"

"துடைக்க மாட்டோம் மாமி. ஆனா துடைச்சா பாவம்னெல்லாம் இல்ல. குடுங்க, நான் துடைச்சுக்கறேன்."

மாமி டிஷ்யூவைக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் தலைத்தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து, புருவம்வரை இழுத்துவிட்டார். சிலுவை தொப்பிக்குள் போய்விட்டது.

"இப்படியே இரு. உள்ள போ" என்றார்.

அவருடைய நெற்றி அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு இருந்தது. தேங்க்ஸ் மாமி என்று சொன்னேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. அன்று ரொம்பச் சந்தோஷமாக வேலை பார்த்தேன். ஓசூர் கம்பெனிக்குப் போகவேண்டிய சாம்பிள் மோட்டார்களில் கடைசி நான்கை அன்றைக்குத்தான் சேர்த்தேன். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் காற்றுக் கருவிக்கான மோட்டார் அது. தூங்குகிறவர் காதுக்குப் பக்கத்தில் ஓடும், அதனால் சத்தமே வரக்கூடாது. அந்தச் சாம்பிள் தேறினால்தான் பெரிய ஆர்டர். மத்தியானத்துக்கு முன்னால் பெனடிக்ட் சார் உள்ளே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. தவக்காலம் நன்றாகத் தொடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஓசூரிலிருந்து போன் வந்தது. சாம்பிளில் நான்கு மோட்டார்கள் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோய்விட்டன. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகின்றன. நின்ற நான்கும் ஒரே நாளில் சேர்த்தவை. அன்றைக்கு அந்த நாற்காலியில் வேலை பார்த்தது நான் ஒருத்திதான்.

பெனடிக்ட் சார் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கு பிரான்சி" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போய் ஜோஸிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "உன் கை தப்புப் பண்ணாது. வேற ஏதோ இருக்கும்" என்றார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஓசூர் கம்பெனி எஞ்சினியர் தாஜுதீன் சார் நேரில் வந்தார். நின்றுபோன மோட்டார்களைத் தனித்தனி டப்பாவில் கொண்டுவந்திருந்தார். வந்தவரை எப்படியாவது குளிரவைக்கவேண்டும் என்று பெனடிக்ட் சார் மெயின் ரோட்டுக் கடையிலிருந்து உளுந்து வடையும் காபியும் வரவழைத்தார். தாஜுதீன் சார் கைகூப்பி, "நோன்பு சார்" என்றார். சரி, பூமா மேடம் எடுத்துக்கங்க என்றால், "இன்னிக்கு ஏகாதசி" என்றார் மாமி. எனக்குத் தவக்கால வெள்ளி, ஒரு வேளைச் சாப்பாடுதான். முதலாளிக்கும் அதே. அத்தனை வடையும் சிவசங்கர் அண்ணன் முன்னால் போய் நின்றது. அவரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மைக்ரோஸ்கோப்பை டி.வி. திரையோடு இணைத்து, தாஜுதீன் சார் ஒரு ஷாஃப்ட்டை வைத்தார். என் கோடுகள் திரை முழுக்கத் தெரிந்தன. அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்கும் கீறல்கள். கோட்டின் மூலைகளில் எண்ணெயோடு குழைந்து சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக்கிடந்தது. என்ன வேலை பார்த்து அனுப்பியிருக்கிறேன்!

"பக்கத்து ஷெட்ல நாள் முழுக்க கிரைண்டிங் சார். அந்த இரும்புத் தூள்தான்" என்றார் பெனடிக்ட் சார் அவசரமாக.

தாஜுதீன் சார் அந்தத் துணுக்குகளில் கொஞ்சத்தை ஊசியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார். ஒன்றும் அசையவில்லை.

"இரும்பு இல்ல சார். கரி மாதிரி இருக்கு. ஏதோ எரிஞ்ச சாம்பல்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, இங்க யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிவசங்கர் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் வாயில் வடை.

"விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார்! என் பொண்டாட்டிய வேணா கேளுங்க" என்றார் ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"நீ பின்பக்கம் போய் நிக்கறதை நான் பார்த்ததில்லயா?" என்று பெனடிக்ட் சார் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த கோபமெல்லாம் அண்ணன் மேல் கொட்டியது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒருத்தன் ஊதறதுக்காக இத்தனை பேர் பொழப்பு போகணுமா? இன்னையோட கணக்கை முடிச்சுக்க!"

"சார், சத்தியமா இல்ல சார்" என்றார் அண்ணன். பிடித்திருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

எரிந்த சாம்பல் என்ற வார்த்தை எனக்குள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. அந்தப் புதன்கிழமை முழுவதும் கண்முன் வந்தது. மைக்ரோஸ்கோப்பில் குனியும்போதெல்லாம் கண்வைக்கும் குழாயின் ரப்பர் நெற்றியில் முட்டித் தொப்பியை மேலே தள்ளும். நான் இழுத்துவிட்டுக்கொள்வேன், மறுபடி தள்ளும். அப்படி எத்தனை தடவை இழுத்துவிட்டேன்! தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் உறை. உடம்பில் திறந்திருந்தது அந்த நாலு விரல் அகலம்தான். அதற்கு நேர் கீழே ஷாஃப்ட். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அண்ணன் வேலை போகும். அண்ணன் வீட்டில் அவருடைய பிள்ளைகள் என்னை அத்தை என்று கூப்பிடுவார்கள்.

"சார், அண்ணன் இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது என் நெத்தியிலேருந்து விழுந்தது. அன்னைக்கு சாம்பல் புதன்."

பெனடிக்ட் சார் திரும்பினார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. தாஜுதீன் சாருக்குப் புரியவே இல்லை. சாம்பல், சிலுவை, பூசை என்று நான் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமி குறுக்கே வந்தார்.

"நீ வாயை மூடிண்டு சும்மா இரு" என்றார் என்னிடம். பிறகு முதலாளியிடம், "சார், இவ துடைச்சுக்கறேன்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். டிஷ்யூ என் கையில இருந்துது. தொப்பியை இழுத்துவிட்டா போறும்னு நெனச்சேன். நெனச்சது தப்பு. அந்த வாசல் என்னோட பொறுப்பு. கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்கோ" என்றார்.

"மேடம், நீங்களா!" பெனடிக்ட் சாருக்கு நம்பவே முடியவில்லை. "என் பொண்டாட்டி வந்தப்பவே பவுடரைக் கழுவிட்டு வான்னு திருப்பி அனுப்பினீங்க. விபூதி, குங்குமம் எதையும் விட மாட்டீங்க. உங்க நெத்தியையே தினம் அழிக்கறீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் மேடம் விட்டீங்க?"

ஏகாதசிப் பட்டினி, வெயில், இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு எல்லாம் மாமி முகத்தில் இருந்தது.

"எங்களோடதெல்லாம் எனக்குத் தெரியும். எதை அழிக்கலாம், அழிச்சா யார் கோச்சுப்பா, யார் கோச்சுக்க மாட்டான்னு தெரியும்" என்றார். "இவளோடது எனக்குத் தெரியாது. தெரியாததுல கை வைக்க மனசு வரலை. அவ்வளவுதான்."

பெனடிக்ட் சாரின் கை மெதுவாக அவருடைய நெற்றிக்குப் போயிற்று. அங்கே இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கும் அன்றைக்கு அதே ஃபாதர், அதே கட்டைவிரல்தான்.

"நானும் வந்து குனிஞ்சு பார்த்தேன்ல?" என்றார்.

"பார்த்தேள்" என்றார் மாமி. "உங்க நெத்தியிலயும் இருந்துது. நீங்க தொப்பியே போட்டுக்கலை. உங்களையும் நான் தடுக்கலை, முதலாளிங்கறதுக்காக இல்லை."

தாஜுதீன் சார் எழுந்து மைக்ரோஸ்கோப்பிடம் போனார். கண்வைக்கும் குழாயின் ரப்பரை மடக்கி, அதன் இடுக்கில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து, அதைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். திரையில் அதே சாம்பல் நிறத் துணுக்குகள். மாமி தலையில் அடித்துக்கொண்டார். "தினம் லென்ஸைத் துடைக்கறேன், இந்த மடிப்புக்குள்ள பார்க்கலையே!"

"இது யாரோட சாம்பல்?" என்று கேட்டார் பெனடிக்ட் சார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிண்ணம்தானே சார்" என்றேன் நான். என் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

முதலில் சிரித்தது தாஜுதீன் சார்தான். "நான் போற கம்பெனியில எல்லாம் தப்பு யாருதுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆகும். இங்க மூணு பேர் வரிசையில நிக்கறீங்க. அதை நீங்களே பேசி முடிச்சுக்கங்க. எனக்குக் காரணம் கிடைச்சிருச்சு, அது போதும். காரணம் தெரியாம நின்னுபோற மோட்டாரைத்தான் நாங்க வாங்க முடியாது." ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தார். "வேற நாலு மோட்டார் அனுப்புங்க. ரிப்போர்ட்ல வெளித்தூசின்னு மட்டும் எழுதறேன். நெத்தியிலேருந்து வந்துச்சுன்னு எழுதினா எங்க மேனேஜர் என்னையில்ல ஒரு மாதிரி பார்ப்பாரு!"

"அப்ப நான் வடை தின்னது மட்டும்தான் தப்பு" என்றார் சிவசங்கர் அண்ணன். பெனடிக்ட் சார் அவரிடம் போய்த் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் மட்டும், "அட, விடுங்க சார்" என்றது கேட்டது.

என் வேலை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெனடிக்ட் சார் கூப்பிட்டார். மைக்ரோஸ்கோப்பின் ரப்பர் இரண்டும் அவர் மேசைமேல் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"இதைத் தினம் கழட்டிக் கழுவணும். மாமிக்கு ஏகப்பட்ட வேலை. இனிமே இது உன் பொறுப்பு" என்றார்.

"தினமுமா சார்? மாசக் கடைசிக்கு அப்புறமும்?"

"அப்புறமும்தான்" என்றார் எரிச்சலோடு. "திங்கட்கிழமை சீக்கிரம் வா. நாலு மோட்டார் கிடக்கு."

நான் அழாமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் மாமி நின்றிருந்தார். போன் திரையைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு, சின்ன டப்பாவிலிருந்து சூர்ணத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டிருந்தார். தினமும் அவர் அங்கே நின்று இப்படித்தான் இட்டுக்கொள்கிறார். தினமும் நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இதைப் பார்த்ததில்லை.

"மாமி, எனக்காக நீங்க ஏன் பேச்சு வாங்கிக்கணும்?" என்றேன். "உங்க நெத்தியைத் தினம் நீங்களே அழிச்சுக்கறீங்க. என்னோடதையும் அழிச்சிருக்கலாம்ல?"

கோடு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாமி டப்பாவை மூடினார்.

"எங்க பெருமாள் தினம் வரவர்டி. கார்த்தால அழிச்சா சாயங்காலம் மறுபடி வந்துடுவார். நன்னாப் பழகினவர், கோச்சுக்க மாட்டார். உன்னோடவர் வருஷத்துக்கு ஒரு நாள் நெத்தியில வரார். வந்தவரை வாசல்லயே திருப்பி அனுப்பச் சொல்றியா?"

அதற்குள் மாமி ஏறவேண்டிய சத்திரம் பஸ் ஸ்டாண்டு பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டேன். அன்றைக்கு எத்தனை பேருக்கு நான் கடன்பட்டேன் என்று நினைத்துப்பார்த்தேன். திட்டுவாங்கியும் மனசில் வைத்துக்கொள்ளாத அண்ணன், சிரித்துக்கொண்டே போன தாஜுதீன் சார், தன் நெற்றியைத் தானே தொட்டுக்கொண்ட முதலாளி. ஆனால் மாமிக்கு நான் பட்டது கடன் இல்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமே.

புது மோட்டார்கள் நான்கும் தேறின. ஆர்டர் வந்தது. நான் தினமும் ரப்பரைக் கழற்றிக் கழுவினேன்.

தவக்காலம் முடியும் வாரத்தில் பங்குனி உத்திரம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அன்று சேர்த்தி. பெருமாளும் தாயாரும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஒன்றாகச் சேர்ந்து காட்சி கொடுப்பார்கள் என்று மாமி முந்தின நாளே சொல்லியிருந்தார். வேலையை முடித்துவிட்டு நேரே போய் வரிசையில் நிற்கப்போவதாகவும் சொன்னார். அன்று காலை நான் ஒரு பஸ் முன்னதாகவே போய், சாரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, வாசலில் நின்றேன்.

மாமி புதுச்சேலையில் வந்தார். நெற்றியில் கோடு அன்றைக்குக் கொஞ்சம் அகலமாகவே இருந்தது. தலையில் துளசி. வந்தவர் துளசியை எடுத்து ஆணியில் வைத்துவிட்டு, வழக்கம்போல டிஷ்யூ ஒன்றை உருவி நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி இது?"

"இன்னைக்கு நீங்க வெளியில பேக்கிங் பாருங்க மாமி. உள்ள நான் பார்த்துக்கறேன். சார்ட்ட சொல்லிட்டேன்."

"உள்ள என் வேலையெல்லாம்?"

"உங்க வேலையும் நான்தான். ரப்பரைக் கழுவிட்டேன், மடிப்புக்குள்ளயும் பார்த்துட்டேன்."

"இதென்ன புது வழக்கம்? ரூல்னா எனக்கும்தான்."

"ரூல் உள்ள போறவங்களுக்குத்தானே? நீங்கதான் இன்னைக்கு உள்ள போகலியே" என்றேன். "வருஷத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க. வாசல்லயே திருப்பி அனுப்பலாமா மாமி?"

மாமி என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. அதை மறைக்க, "உனக்கு வாய் நீளம்டி. இதுக்குன்னு ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கப் போறே" என்றார். துளசியை ஆணியிலிருந்து எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். கையிலிருந்த டிஷ்யூவை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஆகும்" என்றார்.